ஸ்ட்ராபெரிக்குச் சட்டை தைத்த கதை

நான் தையல்காரன். நெல்லித்தோப்பில் ஒரு சந்துக்குள் கடை. கீழே கடை, நடுவில் வீட்டுக்கார அம்மா, அதற்கு மேலே நாங்கள், எங்களுக்கு மேலே மொட்டை மாடி. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். துணியைப் பற்றி எது கேட்டாலும் சொல்வேன். செடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் ஆறு தொட்டி ஸ்ட்ராபெரியிடம் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டது. பிள்ளைகளே, நீங்களும் எப்போதாவது வளர்ப்பீர்கள். நான் தோற்ற இடங்களை எழுதி வைத்தால் நீங்கள் வேறு இடத்தில் தோற்கலாம்.

அந்த வருஷம் டிசம்பரில் ரோட்டோரத்தில் ஒருவர் மினி லாரியில் செடி வைத்து விற்றார். ஊட்டிச் செடி என்றார். ஆறு வாங்கினேன். குளிர் மாசம் என்பதால் வாடாமல் நின்று, கிறிஸ்துமஸ் லீவுக்குள் பூவும் விட்டது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் பொத்தான். என் மகள் அப்போது அஞ்சாவது படித்தாள். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே வகுப்பில் போய், "எங்க வூட்டு மாடியில ஸ்ட்ராபெரி காய்க்குது" என்று சொல்லிவிட்டாள். காய்க்கவில்லை. பூத்துத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குப் பூத்தால் காய்த்த மாதிரிதான்.

அவள் பக்கத்தில் உட்காரும் பெண் எழுந்து, "மிஸ், இவ பொய் சொல்றா. பாண்டி வெயில்ல மொளகாயே கருகுது, ஸ்ட்ராபெரி காய்க்குமா? ஐஸ்கிரீம் கப்பு மேல படம் போட்டிருக்கும், அதப் பாத்துட்டு வந்து சொல்றா" என்றாள்.

மிஸ் நல்லவர். சண்டையைத் தீர்க்க, "இந்த மாசக் கடைசி வியாழக்கிழமை சயின்ஸ் கிளாஸுக்கு ஒரு பழம் எடுத்துட்டு வா, எல்லாரும் பார்க்கலாம்" என்று சொன்னார். சண்டை தீரவில்லை. அன்றைக்கு மதியத்திலிருந்தே என் மகளுக்கு 'ஸ்ட்ராபெரிப் புளுகி' என்று பெயர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. "அத்தா, ஒரே ஒரு பழம் போதும். செவப்பா இருக்கணும்" என்றாள்.

"ஒண்ணு என்னா, கூடையில கொண்டு போவலாம்" என்று சொன்னேன். செடியில் ஒன்பது பூ பிஞ்சு கட்டத் தொடங்கியிருந்தது. அந்தத் தைரியம்.

முதலில் இலை கெட்டது. பச்சை இலையில் ஊசியால் குத்திய மாதிரி வெளுத்த புள்ளிகள். ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணுக்கு வைத்துக்கொள்ளும் பூதக்கண்ணாடியைக் கொண்டுபோய் இலையைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் மெல்லிய வலை. வலைக்குள் மிளகாய்ப் பொடி நடமாடுகிற மாதிரிச் சின்னச் சின்ன உயிர்கள். செம்பேன் என்பார்கள். கூட்டம் என்றால் கூட்டம், பெருநாளைக்கு முந்தின நாள் என் கடையில்கூட அப்படி நின்றதில்லை.

வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து இலைக்கு அடியில் படும்படி தெளிக்க வேண்டும். இது சரியான மருந்து. நான் செய்த தப்பு இரண்டு. ஒன்று, நல்ல உச்சி வெயிலில் தெளித்தேன். எண்ணெய் பட்ட இலை வெயிலில் பொரிந்து, இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துபோன துணி மாதிரி பழுப்பாகிவிட்டது. சாயந்திரம் வெயில் இறங்கிய பிறகுதான் தெளிக்க வேண்டும். இரண்டாவது தப்பு, இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலிலேயே அதைக் கலந்தேன். கலந்ததை மறந்தும் போனேன்.

இங்கே வீட்டுக்கார அம்மாவைச் சொல்ல வேண்டும். அவர் புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவரோடு முப்பது வருஷம் பிரான்ஸில் இருந்துவிட்டு, அவர் இறந்த பிறகு இந்த அம்மா மட்டும் ஊருக்குத் திரும்பிவிட்டார். சந்து முழுக்க அவரை 'மதாம்' என்றுதான் கூப்பிடும். அந்த வாரம் அவருக்குச் சிவப்புப் பட்டில் ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருந்தேன். கை முழங்கை வரைக்கும் வேண்டும் என்றார். துணி பத்தாது என்று சொல்லிக் குட்டைக் கை வைத்தேன். சொன்னபோது பத்தாது என்றுதான் நினைத்தேன். வெட்டிய பிறகு மிஞ்சியது. மிஞ்சியதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேசைக்கு அடியில் வெட்டுத் துணி போடுகிற மூட்டைக்குள் அதுவும் போய்விட்டது. தையல்காரன் கடையில் அந்த மூட்டைக்குப் போன துணி பேசாது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து மதாம் நேராகக் கடைக்கு வந்தார்.

"பாய், இது ஜாக்கெட்டா கஷாயமா?"

"ஏன் மதாம்?"

"மோந்து பாரு. கோயில்ல என் பக்கத்துல ஒக்காந்தவ எழுந்து முன் பெஞ்சுக்குப் போயிட்டா. கையும் குட்டை, வாடையும் ஜாஸ்தி."

பாட்டில் அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த ஜாக்கெட்டுக்குச் செம்பேன் வராது என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். துவைத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்தேன்.

செம்பேன் குறைந்தது. காய்கள் பெருத்தன. ஐந்து நன்றாகப் பெருத்து வெளுக்க ஆரம்பித்தன. வெளுத்த பிறகுதான் சிவக்கும். காக்காய் கொத்திவிடுமே என்று எனக்கு ஒரே பயம். தையல்காரனுக்குப் பயம் வந்தால் என்ன செய்வான்? ஐந்துக்கும் சட்டை தைத்தேன். நல்ல லைனிங் துணி, வழவழப்பாக, கழுத்தில் நாடா, இழுத்தால் சுருங்கும். ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாக அளவெடுத்தேன். ஐந்தில் ஒன்றுக்கு இடுப்பு பெரிசு, அதற்குக் கொஞ்சம் இடம் விட்டுத் தைத்தேன்.

என் மனைவி வந்து பார்த்தாள். "காத்து போவுமாங்க இதுல?"

"காக்கா போவாது. அதான் வேணும்."

"ஒங்களுக்கு இந்தத் துணியில சட்டை தெச்சு, நாடா கட்டி, வெயில்ல நிக்க வெச்சாத் தெரியும்."

நான் கேட்கவில்லை. சட்டை போட்டதோடு காலையும் மாலையும் பூவாளியால் தலையோடு தண்ணீரும் ஊற்றினேன். நாலாம் நாள் நாடாவை அவிழ்த்துப் பார்த்தால் ஐந்தின் மேலும் சாம்பல் நிறத்தில் ரோமம் முளைத்திருந்தது. குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்ட மாதிரி. சாம்பல் பூஞ்சை. தொட்டால் உள்ளே கூழ்.

"சட்டைக்குள்ள அதுவே ஒரு சட்டை தெச்சுக்கிச்சு" என்றாள் மனைவி. "ஒங்களவிட நல்லா தெக்குது. பிசிறே இல்ல."

பிள்ளைகளே, இதை மட்டும் மறக்காதீர்கள். இந்தச் செடிக்கு இலை நனையக் கூடாது, பழம் நனையக் கூடாது. காலையில், வேரில் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும். செடிக்குச் செடி காற்றுப் போக இடம் வேண்டும். காய்ந்த இலையைக் கிள்ளிவிட வேண்டும். பூஞ்சை பிடித்த பழத்தை அந்தத் தொட்டியிலேயே போடாமல் தூரக் கொண்டுபோய்ப் போட வேண்டும். நான் ஐந்தையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போகும்போது என் மகள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி இருக்கு அத்தா?"

"நாலு."

"எனக்கு ஒண்ணு போதும்" என்றாள் மறுபடியும். ஆனால் இந்தத் தடவை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

துவைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கப் போனபோது மதாமிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஃப்ரேஸ் மண்ணுல படக் கூடாது பாய். அங்க கீழ வைக்கோல் பரப்புவாங்க. பழம் மெத்தையில படுத்த மாதிரி படுத்திருக்கும்." பிரெஞ்சில் ஸ்ட்ராபெரிக்கு அதுதான் பெயர். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பால்காரரிடம் கேட்டு ஒரு கட்டு வைக்கோல் வாங்கினேன். கேன் வைத்த வண்டியில் வைக்கோலும் வருவதைப் பார்த்து, "பாய் மாடியில மாடு வாங்கி வுட்டுட்டாரு" என்று சந்தில் ஒரு பேச்சு கிளம்பியது. இரண்டு பேர் சாணி கிடைக்குமா என்று கேட்டுக்கூட வந்தார்கள்.

வைக்கோல் நல்ல யோசனைதான். மண் ஒட்டவில்லை, ஈரமும் ஏறவில்லை. ஆனால் மெத்தை போட்டால் படுக்க ஆள் வரும் அல்லவா? ஒரு நத்தை வந்தது. காலையில் பார்த்தால் நாலில் ஒன்றில் ஆழமாக ஒரு குழி. குழியிலிருந்து பளபளவென்று ஒரு கோடு ஜரிகை மாதிரி வைக்கோலுக்குள் போயிற்று. கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தேன். அதன் நிழலுக்கு நத்தை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், காலையில் எடுத்துத் தூரப் போட்டுவிடலாம். இது ஒன்றுதான் நான் முதல் தடவையே சரியாகச் செய்த காரியம். மிச்சம் மூன்று.

அடுத்தது அணில். மூன்றில் ஒன்று லேசாகச் சிவந்த அன்றைக்கே வந்து, இரண்டு கையாலும் பிடித்து, எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது. பாதி தின்றுவிட்டு மீதியைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போயிற்று. நிலக்கடலை என்றால் முழுசாகத் தின்னும்.

"மிச்சம் வெச்சத எடுத்துட்டுப் போவட்டுமா அத்தா?"

"எச்சிப் பழத்தக் கொண்டு போனா அதுக்கு வேற ஒரு பேரு வெப்பாங்கம்மா."

வியாழக்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது. இரண்டு பழம். அன்றைக்கு எனக்கு வந்த யோசனையைப் போல் ஒரு யோசனை எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை. பொய்ப் பழம் செய்து தொங்கவிட்டால் காக்காயும் அணிலும் அதைக் கடித்துப் பார்த்து, "இந்த வீட்டுப் பழம் வாய்க்கு ஆகாது" என்று முடிவு செய்துவிடும். மூட்டையை அவிழ்த்தேன். மதாமின் சிவப்புப் பட்டு மேலாகவே இருந்தது. பன்னிரண்டு பழம் தைத்தேன். உள்ளே பஞ்சு அடைத்து, மஞ்சள் நூலில் விதை விதையாக முடிச்சுப் போட்டு, பச்சைத் துணியில் காம்பும் இலையும் வைத்தேன். இருபது வருஷத்தில் அவ்வளவு சுத்தமான வேலை நான் செய்ததில்லை. செடியில் கட்டிவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கே எது எது என்று தெரியவில்லை. மகள் நிஜப் பழத்தில் ஒன்றை விட்டுவிட்டுத் துணிப் பழத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

காக்காய் வந்தது. கொத்தியது. தலையைச் சாய்த்து யோசித்தது. போய்விட்டது. மறுநாள் வரவே இல்லை. நான் மனைவியிடம், "பாத்தியா?" என்றேன்.

"அணில் என்னா சொல்லுது?" என்றாள்.

அணிலுக்கு அது குட்டி போடுகிற காலம். கூடு கட்டப் பஞ்சு தேடித் திரிகிறது. இது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்தது, பஞ்சு வந்தது. நிஜப் பழத்துக்கு ஒரு அணில்தான் வந்தது. பஞ்சுப் பழத்துக்கு நாலு வந்தன. விளக்கிச் சொல்கிறேன், கேளுங்கள். திருடனை விரட்ட வீட்டு வாசலில் இலவசப் பஞ்சுக் கடை போட்டவன் நான். ஒவ்வொன்றாகப் பிய்த்து வாயில் கவ்விக்கொண்டு சுவர் வழியாகக் கீழே இறங்கின. போகிற வழியில் நிஜப் பழம் ஒன்றும் சேர்ந்து போயிற்று. பஞ்சு இல்லையே என்று பாதி வழியில் போட்டுவிட்டன.

ஒரே ஒரு பழம் மிச்சம். வியாழனுக்கு நாலு நாள்.

அன்று மாலை மதாம் மாடிக்கு ஏறி வந்தார். கையில் வயிறு கிழிந்த மூன்று சிவப்புத் துணிப் பழங்கள். அவர் வீட்டு ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் அணில் கூடு கட்டியிருந்ததாம். கூட்டைப் பார்க்கப் போனவருக்குத் தன் ஜாக்கெட் கிடைத்திருக்கிறது.

"பாய், இது எந்தத் துணி?"

மனைவி உலர்த்திய துணியை மடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். மகள் என்னைப் பார்த்தாள்.

"கைக்குப் பத்தலன்னு சொன்னியே. அணிலுக்குப் பத்திருக்கு."

"மிஞ்சிடுச்சு மதாம். சொல்லாதது என் தப்பு."

"எத்தினி தெச்ச?"

"பன்னண்டு."

"பன்னண்டு ஃப்ரேஸ். எனக்கு ரெண்டு கை." அவர் ஒரு பழத்தைத் திருப்பி மஞ்சள் விதைகளைப் பார்த்தார். "ஜாக்கெட்டுக்கு இவ்ளோ சுத்தமா நீ தெச்சதில்லையே பாய். எதுக்கு இதெல்லாம்?"

என் மகள்தான் பதில் சொன்னாள். பள்ளிக்கூடம், புளுகி, வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள். மதாம் குனிந்து மிச்சமிருந்த அந்த ஒரு பழத்தைப் பார்த்தார். சுண்டுவிரல் நுனியளவுதான். பாதி சிவப்பு, தோளில் இன்னும் வெள்ளை.

"இது ஃப்ரேஸ்தான். நாலு நாள்ல செவந்துடும். இத மூட வூட்டுல ஒண்ணும் இல்லையா? காத்துப் போற மாதிரி?"

மனைவி எழுந்து கீழே போனாள். சாப்பாட்டு மேசையில் ஈ மொய்க்காமல் குழம்புச் சட்டியை மூடி வைக்கிற வலைக் குடையைக் கொண்டுவந்து விரித்துத் தொட்டியின் மேல் கவிழ்த்தாள். தொட்டிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. காற்று போகும். வெயில் போகும். அணில் போகாது. மேலே ஒரு செங்கல்லைக் கட்டினாள்.

"இது மொதல்லயே இருந்துச்சா?" என்று மதாம் கேட்டார்.

"நிக்கா சீரா வந்தது" என்றாள் என் மனைவி. "பதினாலு வருஷமா வூட்லதான் இருக்குது. கேட்டாத்தான சொல்ல."

மதாம் படி இறங்கும்போது, "மிச்சத்த அவுத்து எனக்குக் கையா வெச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். மிச்சம் என்று இருந்தது அந்தத் தொட்டியில் அணில் விட்டுவைத்த இரண்டு துணிப் பழம். அதில் கை வைத்தால் பொம்மைக்குத்தான் ஆகும். வலைக் குடைக்குள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம்.

புதன்கிழமை பழம் முழுசாகச் சிவந்தது. பறித்துக் கொண்டுபோனால் வழியில் நசுங்கும் என்று தொட்டியோடு கொண்டுபோக முடிவு செய்தோம். வியாழக்கிழமை காலை ஸ்கூட்டரின் பின்னால் மகள், அவள் மடியில் தொட்டி, தொட்டியின் மேல் வலைக் குடை. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர், "பாய், பிரியாணியா?" என்று கேட்டார். மகள், "ஸ்ட்ராபெரி" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பச்சை விழுவதற்கு முன்பே கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

மிஸ் என்னையும் வகுப்புக்குள் நிற்கச் சொன்னார். மேசையில் தொட்டியை வைத்து வலைக் குடையைத் தூக்கினார். பிள்ளைகள் எல்லாம் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். "ஹே, நெசமாவே இருக்குடி" என்று யாரோ சொன்னார்கள். என் மகள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பக்கத்து பெஞ்சுப் பெண் கடைசியாக வந்தாள். குனிந்தாள். விரலை நீட்டி ஒன்றை அமுக்கினாள். அது பஞ்சாக அமுங்கியது.

"மிஸ், துணி."

"எது?"

"இது துணி. இதோ, இதுவும் துணி. அப்ப அதுவும் துணிதான். இவங்க அத்தா டைலர் மிஸ்."

வகுப்பே சிரித்தது. நான் முன்னால் வந்து, "இந்த ரெண்டும் நான் தெச்சது. அது நான் தெக்கல, அது காய்ச்சது" என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. நல்ல தையலை அவிழ்த்துக் காட்டலாம். இது தையல் இல்லை என்று எதை அவிழ்த்துக் காட்டுவது? மிஸ்கூட மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றில் அழகு குறைந்தது நிஜப் பழம்தான்.

என் மகள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டி அந்த ஒரே பழத்தைக் காம்போடு கிள்ளினாள். ஒன்பது காய், ஆறு செடி, ஒரு மாசம். அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"தின்னு."

"துணிய எப்படித் தின்றது?"

"துணின்னா துப்பிடு. தின்னு."

அந்தப் பெண் எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாயில் போட்டாள். ஒரு கடி கடித்தாள். ஒரு கண் மூடியது. பிறகு இன்னொரு கண். தோள் இரண்டும் காதுக்கு ஏறின.

"மிஸ்" என்றாள், வாயை உறிஞ்சிக்கொண்டு. "புளிக்குது மிஸ்."

"துணி புளிக்குமா?" என்று என் மகள் கேட்டாள்.

அந்தப் பெண் யோசித்தாள். நேர்மையான பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "புளிக்காது" என்றாள். பிறகு காம்பைக் காட்டி, "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் என் மகளைப் புளுகி என்று கூப்பிடவில்லை. துணிப் பழம் தைத்துத் தரச் சொல்லிப் பதினொரு பிள்ளைகள் கேட்டார்கள். தைத்தும் கொடுத்தேன், பஞ்சுக்குப் பதில் வெட்டுத் துணி அடைத்து. மதாமுக்கு அதே நிறத்தில் துணி தேடி, முழங்கை வரைக்கும் கை வைத்து, வேறு பாட்டிலில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். வலைக் குடை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்து மறுபடி குழம்புச் சட்டியை மூடிக்கொண்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி, "பழம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு ஒன்றும் காய்க்கவில்லை, மார்ச் வெயிலில் ஆறு செடியும் போய்விட்டன. எங்கள் வீட்டு ஸ்ட்ராபெரியின் ருசி இன்றைக்கு வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. புளிக்கும் என்று கேள்வி.